நாடே பார்க்கிறது, ஊர் வருவதில்லை: ஆஸ்திரேலியாவில் கால்பந்து, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பர் 17, சனிக்கிழமை இரவு. மெல்போர்னின் ஏஏஎம்ஐ பார்க் மைதானத்தில் மெல்போர்ன் சிட்டிக்கும் மெல்போர்ன் விக்டரிக்கும், நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஏ-லீக் ஆட்டம். ஒரே ஊரின் இரண்டு அணிகள். சாதாரண நாளிலேயே இரண்டு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் முரசும் பாட்டும் ஓயாது. அன்று இரு தரப்பு ரசிகர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் எழுந்து வெளியேறிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். லீக் நிர்வாகத்தின் மீது அவ்வளவு கோபம்.

அமைதியாக வெளியேறியிருந்தால் அது ஒரு நல்ல போராட்டமாக நினைவில் நின்றிருக்கும். ஆனால் எரியும் மத்தாப்புக் குச்சிகள் களத்துக்குள் பறந்தன. பக்கத்தில் விழுந்த ஒன்றை எடுத்து சிட்டியின் கோல்கீப்பர் டாம் குளோவர் வெளியே வீசினார். அடுத்த சில நொடிகளில் விக்டரி ரசிகர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் களத்தில் இறங்கிவிட்டார்கள். குச்சிகளை அணைப்பதற்காக மணல் நிரப்பி வைத்திருந்த உலோக வாளி ஒன்று குளோவரின் முகத்தில் வந்து மோதியது. முகம் கிழிந்து, ரத்தம் வழிய அவரை அழைத்துச் சென்றார்கள். நடுவரும் அடிபட்டார். 22ஆம் நிமிடத்தோடு ஆட்டம் கைவிடப்பட்டது. விக்டரி கிளப்புக்குப் பின்னர் 5,50,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இதே மெல்போர்னில் இதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். கத்தார் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா டென்மார்க்கை 1-0 என்று வென்றபோது அங்கே அதிகாலை. ஃபெடரேஷன் சதுக்கத்தின் பெரிய திரைக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் தூக்கத்தைத் துறந்து நின்றுகொண்டிருந்தார்கள். அங்கேயும் மத்தாப்புக் குச்சிகள் எரிந்தன; அந்தப் படங்கள் உலகம் முழுவதும் சுற்றின, பார்த்தவர்கள் பூரித்தார்கள். அந்தக் கோலை அடித்த மேத்யூ லெக்கி, மெல்போர்ன் சிட்டியின் ஆட்டக்காரர்.

ஒரே நகரம், ஒரே ஆட்டம், ஒரே மத்தாப்பு. ஒரு நாள் தேசத் திருவிழா, இன்னொரு நாள் காவல்துறை விவகாரம். ஆஸ்திரேலியாவில் கால்பந்துக்கு வரவேற்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு இரவுகளையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். தேசிய அணி ஆடினால் நாடே பார்க்கிறது. உள்ளூர் கிளப் ஆடினால் ஊர் வருவதில்லை. இது எப்படி நேர்ந்தது என்பதே இந்த ஆய்வு.

பெயரே கையில் இல்லை

தமிழில் கால்பந்து என்றால் குழப்பமில்லை. ஆஸ்திரேலியாவில் 'ஃபுட்டி' என்றால் எந்த ஊரில் நின்று சொல்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். மெல்போர்ன், அடிலெய்டு, பெர்த் நகரங்களில் அது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து: அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் அதே சொல்லுக்கு 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்று பொருள். 15 பேரின் ரக்பி யூனியன் தனியார் பள்ளிகளைச் சார்ந்து தனியாக ஓடுகிறது. உலகம் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டத்துக்கு அங்கே மிஞ்சிய பெயர் 'சாக்கர்'.

காரணம் எளிது. மற்றவர்கள் முதலில் வந்துவிட்டார்கள். 1858இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடல்கட்டு கெடாமலிருக்க ஒரு கால்பந்துக் கிளப் வேண்டும் என்று மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். 1859 மே மாதம் மெல்போர்ன் கிளப் தன் விதிகளை எழுதிவிட்டது. லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடித் தன் விதிகளை எழுதியது 1863இல். விதி எழுதியதில் தாயைவிடப் பிள்ளைக்கு நான்கு வயது கூடுதல்.

இந்தக் கிரிக்கெட் தொடர்பு கதைக்கு அழகு சேர்க்கும் துணுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் கிரிக்கெட் மைதானங்கள் அனைத்தும் ஆஸ்திரேலிய விதி ஆட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தின. ஊர்ப் பணத்தில் கட்டிய நிலம், நிழல் மரங்கள், உட்கார கேலரி எல்லாம் தயாராக இருந்தன. கால்பந்துக்கு வேண்டியது செவ்வகம். நீள்வட்டத்துக்குள் செவ்வகத்தை வைத்தால் ரசிகர் களத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போகிறார். மைதானத்துக்காக மற்றவர்களிடம் கையேந்தும் நிலை அன்று தொடங்கியது. 2022 உலகக் கோப்பையை நடத்த ஆஸ்திரேலியா விண்ணப்பித்தபோதும் ஆஸ்திரேலிய விதி ஆட்டத்தின் லீக்கான ஏஎஃப்எல், மைதானங்களை விட்டுத் தர முரண்டு பிடித்தது. (அந்த விண்ணப்பத்துக்கு 2010 டிசம்பரில் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. செலவழிந்த பொதுப்பணம் 4 கோடி டாலருக்கு மேல்.)

நாட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கற்பனைக் கோடும் உண்டு. 1978இல் இயன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் ஒரு சொற்பொழிவில் அதற்கு 'பராஸி கோடு' என்று பெயரிட்டார். கோட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும் ஆஸ்திரேலிய விதி ஆட்டத்தின் ஆட்சி. வடகிழக்கில் ரக்பியின் ஆட்சி. கால்பந்துக்குக் கோட்டின் எந்தப் பக்கமும் சொந்தமில்லை. இரண்டு பக்கமும் அதற்கு ஆள் உண்டு, எந்தப் பக்கமும் பட்டா இல்லை. கோட்டுக்குப் பெயர் கொடுத்த ரான் பராஸி, ஆஸ்திரேலிய விதி ஆட்டத்தின் மாபெரும் நாயகர். அவருடைய முன்னோர் இத்தாலிய மொழி பேசும் சுவிட்சர்லாந்துப் பகுதியிலிருந்து குடியேறியவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கோயில்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியா ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கானோரைக் குடியேற்றியது. கிரேக்கர், இத்தாலியர், குரோவேஷியர், ஹங்கேரியர், யூதர், மாசிடோனியர். ஆலையில் வாரம் முழுவதும் உழைத்தவர்களுக்கு, தங்கள் மொழியில் சத்தம் போட்டுப் பேச ஞாயிறு மாலை ஓர் இடம் வேண்டியிருந்தது. கிரேக்கரின் சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ், சிட்னியில் இத்தாலியரின் ஏபிஐஏ லைகார்ட், மார்க்கோனி, யூதரின் ஹக்கோவா, செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட், மெல்போர்ன் குரோவேஷியா, பிரஸ்டன் மாசிடோனியா என்று கிளப்புகள் முளைத்தன. கால்பந்து அங்கே ஒரு சாக்குத்தான். கல்யாணப் பேச்சு, வேலை விசாரிப்பு, அரசியல் சண்டை எல்லாம் அங்கேதான்.

ஆங்கிலேய வம்சாவளியினர் இதை வெளியிலிருந்து பார்த்து, 'அது வந்தேறிகளின் ஆட்டம்' என்று ஒதுக்கினார்கள். இதைவிடக் கொச்சையான வசைச் சொற்களும் அன்று சர்வசாதாரணம். பல்லினத்தாருக்காக 1980இல் தொடங்கப்பட்ட எஸ்பிஎஸ் தொலைக்காட்சி கால்பந்தைத் தொடர்ந்து காட்டியபோது, அதன் மூன்று எழுத்துகளுக்கு 'சாக்கர் பிளடி சாக்கர்' என்று விரிவாக்கம் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் தவறவிட்டதற்கு ஒரு சான்று. ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புஷ்காஷ், உலகக் கால்பந்தின் ஈடிணையற்ற கோல் வேட்டைக்காரர்களில் ஒருவர். அவர் 1989 முதல் 1992 வரை மெல்போர்னில் சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸின் பயிற்சியாளராக இருந்தார். அதற்கு முன் ஏதென்ஸில் பணியாற்றியதால் கிரேக்கம் தெரியும், ஆங்கிலம்தான் வரவில்லை. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அவர் சொல்வதைக் கிரேக்கத்தில் கேட்டு மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னவர் அணித் தலைவர் ஆஞ்சி பொஸ்டெகோக்லு. ஐந்து வயதில் கப்பலில் வந்த கிரேக்கச் சிறுவன். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மிடில் பார்க் மைதானத்துக்குப் போய் வளர்ந்தவர். 1991இல் இருவரும் தேசியப் பட்டத்தை வென்றார்கள். பெருவாரியான மெல்போர்ன்வாசிகளுக்குப் புஷ்காஷ் தங்கள் ஊரில் இருந்ததே தெரியாது. மிடில் பார்க் மைதானம் சில ஆண்டுகளில் ஆல்பர்ட் பார்க் கார்ப் பந்தயத் தடத்துக்கான மாற்றங்களில் இடிக்கப்பட்டது.

1977இல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக், எந்த வகைக் கால்பந்திலும் ஆஸ்திரேலியாவின் முதல் தேசிய கிளப் போட்டி. அப்போது ஆஸ்திரேலிய விதி ஆட்டத்தின் பெரிய லீக் விக்டோரியா மாநிலத்தைத் தாண்டவில்லை. சவுத் மெல்போர்ன் ஸ்வான்ஸ் அணி சிட்னிக்குப் பெயர்ந்தது 1982இல், ஏஎஃப்எல் என்ற பெயர் வந்தது 1990இல். ரக்பி லீக்கோ 1990களின் நடுவில் இரண்டு ஊடக முதலாளிகளின் போரில் சிக்கி இரண்டாகப் பிளந்து, 1998இல் என்ஆர்எல் என்று மீண்டும் ஒட்டிக்கொண்டது. கால்பந்து தேசிய அளவில் முந்திக்கொண்டது, ஆனால் முந்தியதில் பயன் காணவில்லை. பழைய தாய்நாட்டுச் சண்டைகள் கேலரிக்கு வந்தன. நிர்வாகம் கோஷ்டிகளின் கையில் இருந்தது. 1990களில் கிளப்புகள் தங்கள் இனப் பெயர்களையும் சின்னங்களையும் கைவிட வேண்டும் என்று உத்தரவானது. மெல்போர்ன் குரோவேஷியா, மெல்போர்ன் நைட்ஸ் ஆனது. பழைய ரசிகர்களுக்கு மனம் கசந்தது, புதியவர்கள் வரவில்லை.

இந்தச் சண்டைகள் வெறும் கற்பனை, எல்லாம் ஆங்கிலேயரின் காழ்ப்பு என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2022 அக்டோபரில் கூட, ஆஸ்திரேலியா கோப்பை இறுதியாட்டத்தில், குரோவேஷியர் தொடங்கிய சிட்னி யுனைடெட் அணியின் ரசிகர்கள் சிலர் நாஜி வணக்கம் செய்தார்கள். பழங்குடியினரின் வரவேற்புச் சடங்கின்போது கூச்சலிட்டார்கள். நோய் இருந்தது உண்மை. கொடுத்த மருந்து சரியா என்பதுதான் கேள்வி.

மருந்து

2003 ஏப்ரலில் டேவிட் கிராஃபோர்ட் என்ற கணக்காயர் தலைமையிலான குழு, அரசு கேட்டுக்கொண்டபடி, 53 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. நிர்வாகக் குழு முழுவதும் விலக வேண்டும் என்பது அதன் சாரம். வெஸ்ட்ஃபீல்ட் வணிக வளாகங்களின் அதிபர் ஃபிராங்க் லோவி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, நாஜிக்களிடமிருந்து தப்பிய யூதர்; ஹக்கோவா கிளப்பை நடத்தியவர்; 1987இல் வெறுத்துப்போய் விலகியவர். ரக்பி யூனியனை நடத்திய ஜான் ஓ'நீலை அழைத்து வந்து தலைமை அதிகாரி ஆக்கினார். 2005 முதல் நாளன்று சங்கத்தின் பெயரிலிருந்து 'சாக்கர்' நீங்கி 'ஃபுட்பால்' ஏறியது.

2004இல் தேசிய லீக் மூடப்பட்டது. 2005 ஆகஸ்ட் 26 அன்று எட்டு அணிகளோடு ஏ-லீக் தொடங்கியது. ஊருக்கு ஓர் அணி, ஒரு தனியார் முதலாளி, ஐந்தாண்டு ஏகபோகம். பெர்த், அடிலெய்டு, நியூகாசில் ஆகிய மூன்றும் பழைய லீக்கிலிருந்து வந்தன. அவற்றில் எதற்கும் இனச் சாயல் இல்லை. ஹெல்லாஸும் மார்க்கோனியும் மாநில லீக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கீழிருந்து மேலே ஏற வழி வைக்கப்படவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று நடந்தது எந்தத் திட்டக் குழுவும் எழுதித் தந்திருக்க முடியாத விளம்பரம். சிட்னியில் 82,698 பேர். உலகக் கோப்பைத் தகுதிக்கான இரண்டு ஆட்டங்களில் முதலாவதை உருகுவே 1-0 என்று வென்றிருந்தது. மார்க் பிரெஷ்யானோ கோலடித்துச் சமன் செய்தார். பெனால்டிகள். கோல்கீப்பர் மார்க் ஷ்வார்சர் இரண்டைத் தடுத்தார். ஜான் அலோயிசி உதைத்த பந்து வலைக்குள் போனதும் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். 1974க்குப் பிறகு முதல் முறையாக ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குப் போனது. இடைப்பட்ட காலத்தின் காயங்களில் ஒன்று மட்டும் போதும்: 1997இல் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 85,000 பேர் முன்னிலையில் ஈரானை 2-0 என்று முந்தியிருந்து, கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி வாய்ப்பைத் தொலைத்த நாள். அலோயிசி என்பதும் பிரெஷ்யானோ என்பதும் இத்தாலியப் பெயர்கள். இனச் சாயல் வேண்டாம் என்று முடிவெடுத்த ஆண்டில் நாட்டைக் கரையேற்றியவர்கள், அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் வளர்த்த பிள்ளைகள்.

2006இல் ஆசியக் கூட்டமைப்புக்கு மாறியது நல்ல முடிவு. பசிபிக் தீவு நாடுகளின் ஓசியானியாக் கூட்டமைப்பிலேயே இருந்திருந்தால், 2001இல் அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று அடித்ததைப் போன்ற கேலிக்கூத்துகள்தான் தொடர்ந்திருக்கும்.

தேன்நிலவுக்குப் பிறகு

2007-08 பருவத்தில் ஏ-லீக் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 14,600 பேர் வந்தார்கள். அதுதான் உச்சம். அண்மைப் பருவங்களில் சராசரி பத்தாயிரத்தைத் தொடுவதில்லை. ஏஎஃப்எல் ஆட்டத்துக்குச் சராசரியாக 35,000 பேருக்கு மேல் வருகிறார்கள். 2023இல் அதன் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1,00,024 பேர்.

சரி, ஆட வருபவர்கள் குறைவா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் அதிகமானோர் ஆடும் குழு விளையாட்டு கால்பந்துதான். பத்து லட்சத்தைத் தாண்டும். சனிக்கிழமை காலை எந்தப் புறநகர்ப் பூங்காவுக்குப் போனாலும் குட்டிச் சட்டைகளும் வரிசையாக நிற்கும் கார்களும் தென்படும். ஆடுபவர் பலர், கட்டணம் கொடுத்துப் பார்ப்பவர் சிலர்.

இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கோல் குறைவு, அதனால் அலுப்பு என்பது அதில் மிகச் சோம்பலான காரணம். உலகம் முழுவதும் அதே கோல்தான். எனக்குப் பொருளுள்ளதாகத் தெரிபவை மூன்று.

முதலாவது, சந்தையின் வடிவம். ஏஎஃப்எல் ஆட்டத்தை உலகில் மிகச் சிறப்பாக ஆடும் மனிதர், அந்த வாரம் உங்கள் ஊர் மைதானத்தில் ஆடுகிறார். அவர் ஓடிப்போக வேறு நாடு இல்லை. கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர் ஐரோப்பாவில் இருக்கிறார். உள்ளூர்ப் பையன் கொஞ்சம் மின்னினாலும் அங்கே போய்விடுகிறான். அடிலெய்டின் நெஸ்டோரி இரான்குண்டா பதினெட்டு வயதில் பயர்ன் மியூனிக்குக்குப் போனது அண்மை உதாரணம். கால்பந்தை உயிராக நேசிக்கும் ஆஸ்திரேலியரில் பலர் அதிகாலை அலாரம் வைத்து இங்கிலாந்து லீக்கைப் பார்த்துவிட்டு, மாலையில் தன் ஊர் அணி ஆடும்போது வீட்டில் இருக்கிறார்கள். ஏ-லீக்கின் போட்டியாளர் ரக்பி என்று நினைப்பது பாதி உண்மைதான். மீதிப் போட்டியாளர் மான்செஸ்டரில் இருக்கிறார்.

இரண்டாவது, பருவமும் தொலைக்காட்சியும். ஏஎஃப்எல்லோடும் ரக்பியோடும் மோதாமலிருக்கக் கால்பந்து லீக் 1989இலேயே கோடைக்கு நகர்ந்தது. ஏ-லீக்கும் அக்டோபரில் தொடங்கி மே வரை ஆடுகிறது. ஆனால் சிறுவர்கள் ஆடுவது குளிர்காலத்தில். பையன் ஆடும் மாதங்களில் பார்ப்பதற்கு லீக் இல்லை. லீக் ஆடும் மாதங்களில் குடும்பம் கடற்கரையில் இருக்கிறது அல்லது கிரிக்கெட் பார்க்கிறது. தொலைக்காட்சிக்காரரின் கணக்கு வேறு. ஏஎஃப்எல்லில் கோல் விழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு விளம்பரத்துக்கு இடம் கிடைக்கிறது. நான்கு பகுதிகளுக்கு நடுவே மூன்று இடைவேளைகள். கால்பந்தில் 45 நிமிடம் நிற்காமல் ஓடும். ஏஎஃப்எல்லின் இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2025 முதல் ஏழாண்டுக்கு 450 கோடி டாலர். ஏ-லீக் 2021இல் போட்டது ஐந்தாண்டுக்கு சுமார் 20 கோடி. ஆண்டுக் கணக்கில் பதினாறு மடங்கு வித்தியாசம்.

மூன்றாவதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: ஊர்ப்பற்று. காலிங்வுட், கார்ல்டன், ரிச்மண்ட் எல்லாம் மெல்போர்னின் பழைய பேட்டைப் பெயர்கள். காலிங்வுட் ஏழை ஐரிஷ் கத்தோலிக்கரின் கிளப்பாக வளர்ந்தது. அதன் பகையும் பாசமும் தலைமுறை தலைமுறையாக வருவது. அதை யாரும் 'இனக் கிளப்' என்று சொல்லவில்லை. மரபு என்றார்கள். பெரும்பாலான ஏஎஃப்எல் கிளப்புகள் இன்றும் உறுப்பினர்களுக்குச் சொந்தம்; எல்லாக் கிளப்புகளிலும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 12 லட்சத்தைத் தாண்டுகிறது. சந்தா கட்டுபவர் தன் நிர்வாகக் குழுவுக்கு வாக்களிக்கிறார். கால்பந்திலோ, அதே வகைப் பாசத்தைக் குறுகிய மனம் என்று பெயரிட்டுக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த இடத்தில் வந்தது உரிமம். உரிமத்தை விற்கலாம்: 2009இல் தொடங்கிய மெல்போர்ன் ஹார்ட் 2014இல் மான்செஸ்டர் சிட்டி குழுமத்தின் கைக்குப் போய் மெல்போர்ன் சிட்டி ஆனது. உரிமத்தைப் பறிக்கலாம்: நார்த் குவீன்ஸ்லாந்து ஃப்யூரி இரண்டு பருவத்திலும், கோல்டு கோஸ்ட் யுனைடெட் மூன்று பருவத்திலும் காணாமல் போயின.

ஒரு விதிவிலக்கு

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல களம் உண்டு. 2012இல் மேற்கு சிட்னியில் இரண்டு புதிய அணிகள் முதல் பருவம் ஆடின. ஒன்று ஏஎஃப்எல் இறக்கிய கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயன்ட்ஸ். பெரும்பணம், ரக்பியிலிருந்து வாங்கிய நட்சத்திரம் இஸ்ரேல் ஃபொலாவ். முதல் பருவத்தில் இரண்டே வெற்றி. இன்னொன்று கால்பந்தின் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ். சில மாதங்களில் அவசரமாக உருவாக்கிய அணி. ஆனால் பெயர், நிறம், மைதானம் பற்றி அந்தப் பகுதி மக்களைக் கூட்டிக் கேட்டார்கள். பெயர் 1880 ஆகஸ்டில் பாரமட்டாவில் ஆடிய பழைய வாண்டரர்ஸ் அணியை நினைவூட்டியது. முதல் பருவத்திலேயே பட்டியலில் முதலிடம். 2014இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை, அதை வென்ற ஒரே ஆஸ்திரேலிய அணி. பாரமட்டா மைதானத்தின் வடக்கு கேலரி எழுப்பிய சத்தத்தை அந்த நாட்டின் எந்த விளையாட்டும் கண்டதில்லை.

பிறகு மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவாயிற்று. மூன்று பருவங்கள் அணி ஒலிம்பிக் பூங்காவுக்குப் பெயர்ந்தது. 2019இல் புதிய, அருமையான அரங்கம் திறந்தது. போன கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை. ரசிகர்களை மைதானத்தோடு கட்டிப்போட்டிருந்த கயிறு அங்கே அறுந்தது என்பது என் கணிப்பு.

மீண்டும் அந்த டிசம்பர்

இப்போது அந்த வாளிச் சம்பவத்தின் பின்னணிக்கு வரலாம். 2022 டிசம்பர் 12 அன்று, அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றுத் தேசிய அணி தலைநிமிர்ந்து திரும்பிய எட்டாம் நாள், ஏ-லீக்கை நடத்தும் அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த மூன்று ஆண்டு இறுதியாட்டங்களும் சிட்னியில் நடக்கும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சுற்றுலாத் துறை அதற்குப் பணம் தரும். அதுவரை இருந்த வழக்கம், இறுதிக்கு வரும் இரு அணிகளில் பட்டியலில் மேலே இருப்பதன் ஊரில் ஆட்டம் நடப்பது. பருவம் முழுவதும் உழைத்து ஓர் அணி பெறும் பரிசு அது.

ஏஎஃப்எல் இறுதியாட்டம் 2059 வரை மெல்போர்னுக்கே எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறதே, அங்கே மட்டும் கலவரம் இல்லையே என்று கேட்கலாம். பெர்த்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்தான். ஆனால் அது பிறந்த வீட்டில் நடக்கும் விசேஷம். ஊரே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. ஏ-லீக் ரசிகருக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு வழக்கம்தான். வாக்குரிமை இல்லை, பங்கு இல்லை, தரம் உயரும் வழி இல்லை. அதையும் விற்றுவிட்டார்கள் என்றபோது அவர் கையில் எஞ்சிய ஆயுதம் எழுந்து போவது. முகத்தில் வாளி விழுந்ததை இது நியாயப்படுத்தாது. அந்த ஒரு செயலால், நியாயம் முழுவதும் தங்கள் பக்கம் இருந்த ரசிகர்கள் ஒரே இரவில் குற்றவாளிகளானார்கள் என்பதே இதில் பெரிய சோகம். 2023 அக்டோபரில் நிர்வாகம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. 2024 ஜனவரியில் தன் ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது.

அந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னால், மகளிர் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலிய மகளிர் தேசிய அணியான மட்டில்டாஸ் வந்து போயிருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று பிரிஸ்பேனில் பிரான்ஸுக்கு எதிராக 7-6 என்று முடிந்த பெனால்டிப் போர். கடைசிப் பந்தை உதைத்த கோர்ட்னி வைன், சிட்னி எஃப்சி அணிக்காக ஏ-லீக் மகளிர் போட்டியில் ஆடியவர். நான்கு நாள் கழித்து இங்கிலாந்துடன் அரையிறுதி. அரங்கத்தில் 75,784 பேர். தொலைக்காட்சியில் சராசரியாக 71 லட்சம் பேர். சிறிது நேரமாவது பார்த்தவர்கள் 1.11 கோடிக்கு மேல். 2001இல் இப்போதைய கணக்கெடுப்பு முறை வந்ததிலிருந்து எந்த நிகழ்ச்சியும் தொடாத உயரம். ஏஎஃப்எல் இறுதியாட்டமும் ரக்பி லீக்கின் மாநிலங்களுக்கு இடையிலான தொடரான ஸ்டேட் ஆஃப் ஆரிஜினும் பின்னால் நின்றன. சாம் கெர் தொலைவிலிருந்து அடித்த அந்தக் கோலை மறந்த ஆஸ்திரேலியர் இருக்க மாட்டார். 3-1 என்று தோற்றார்கள்.

அந்த வாரமே பெண்கள் விளையாட்டு வசதிகளுக்காக 20 கோடி டாலர் ஒதுக்குவதாக மத்திய அரசு அறிவித்தது. எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான நிதி. உழுதவர் ஒருவர், அறுத்தவர் ஊரார். மட்டில்டாஸ் ஆட்டங்களுக்கு அதன்பின் டிக்கெட் கிடைப்பது அரிதானது. மகளிர் லீக்கின் வருகையும் அடுத்த பருவத்தில் ஏறியது. ஆனால் ஆடவர் லீக்கின் கேலரிகள் காலியாகவே இருந்தன. மட்டில்டாஸ் அணியின் பெரும்பாலானோர் ஐரோப்பிய கிளப்புகளில் ஆடினார்கள். காய்ச்சல் பிடித்த சிறுமி வாரந்தோறும் போய்ப் பார்க்க அவர்கள் ஊரில் இல்லை.

இனப் பெயர்களைத் தடுத்து 2014இல் மீண்டும் கொண்டுவந்த விதி 2019இல் நீக்கப்பட்டது. 2025 அக்டோபரில், ஏ-லீக்குக்கு அடுத்த படியாக ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் என்ற போட்டி தொடங்கியது. சவுத் மெல்போர்ன், மார்க்கோனி, ஏபிஐஏ லைகார்ட், பிரஸ்டன், ஹைடல்பர்க், சிட்னி யுனைடெட் என்று பழைய தேசிய லீக்கில் ஒரு காலத்தில் ஆடிய பெயர்கள் தேசியப் போட்டி ஒன்றின் அட்டவணையில் மறுபடி அச்சாயின. வெல்பவருக்கு ஏ-லீக்கில் இடம் உண்டா என்றால், இல்லை. அந்தக் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.